பழைய ஐபேடில் இடைவெளி விழவில்லை: உலாவியின் பெயரைப் பார்ப்பதா, வசதியைச் சோதிப்பதா?

கேள்வி, 2024 ஜூன் 4

எங்கள் ஊர் நூலகத்தின் உறுப்பினர் படிவத்தை நான் பராமரிக்கிறேன். கட்டங்களுக்கு இடையே இடம் விடுவதற்கு உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் அமைப்பில் கேப் என்ற சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) பண்பைப் பயன்படுத்தியிருக்கிறேன். நூலகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய ஐபேட் ஏர் ஒன்று இருக்கிறது. அது ஐஓஎஸ் 12-ஐத் தாண்டி ஏறாது. அதில் மட்டும் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லோரும் சொல்லும் முறைப்படி சப்போர்ட்ஸ் விதியை எழுதி, கேப் உனக்குத் தெரியுமா என்று அந்த உலாவியைக் கேட்டேன். தெரியும் என்று பதில் வந்தது; இடைவெளி வரவில்லை. வசதியைச் சோதிக்கும் முறையே பொய் சொல்லும்போது, யூசர் ஏஜென்ட் சரத்தில் (உலாவி தன்னை சர்வரிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரி) ஐபேட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மார்ஜின் (கட்டத்தைச் சுற்றி விடும் வெளி) கொடுத்து, ஒரே வரியில் முடித்துவிடுவதில் என்ன தவறு?

2024 ஜூன் 4, இரவு

அந்த ஒரு வரி மூன்று இடங்களில் தவறும்.

முதலாவது, 2019-இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து பெரும்பாலான ஐபேட்களில் உள்ள சஃபாரி இயல்பாகவே தன்னை மேக் கணினி என்றுதான் அறிவித்துக்கொள்கிறது. ஃப்ளெக்ஸ் அமைப்பில் கேப் வேலை செய்யத் தொடங்கியது சஃபாரி 14.1-இல், அதாவது 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-இல். இடைப்பட்ட பதிப்புகளில் நின்றுவிட்ட ஐபேட்களுக்கு இதே நோய் உண்டு. ஆனால் அவற்றின் சரத்தில் ஐபேட் என்ற சொல்லே இருக்காது. இரண்டாவது, அதே காலத்து ஐபோன்களும் மேக் கணினிகளும் உங்கள் வரிக்குள் வரவே மாட்டா. மூன்றாவது, புதிய ஐபேட் வைத்திருக்கும் ஒருவர் கைபேசிக்கான பக்கத்தைக் கேட்டுத் திறந்தால் அந்தச் சொல் மீண்டும் சரத்தில் வந்துவிடும். அவருக்குக் கேப்பும் மார்ஜினும் சேர்ந்து இரட்டை இடைவெளி விழும்.

உங்களுக்கு வேண்டிய கேள்வி ‘இது ஐபேடா’ என்பது இல்லை. ‘இந்த உலாவி ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் இடைவெளி விடுமா’ என்பதே உங்கள் கேள்வி. சரத்தின் எந்த மூலையிலும் அதற்கு விடை கிடையாது.

2024 ஜூன் 5

சப்போர்ட்ஸ் விதி பொய் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கேட்கப்பட்ட கேள்விக்கு அது உண்மையான பதிலையே தந்தது. கேப் என்ற பண்பு, அட்டவணை போல அடுக்கும் கிரிட் அமைப்புக்காக சஃபாரி 12-லேயே வந்துவிட்டது. ஃப்ளெக்ஸ் அமைப்புக்கு அதே பெயரில் அதே பண்பு பின்னால் வந்தது. சப்போர்ட்ஸ் விதி செய்வதெல்லாம், இப்படி ஒரு பண்பும் மதிப்பும் எழுதினால் உலாவி அதை ஏற்றுக்கொள்ளுமா என்று பார்ப்பதுதான். எந்த அமைப்புக்குள் அது செயல்படும் என்று கேட்பதற்கு அந்த விதியில் இடமே வைக்கப்படவில்லை. ஒரே பெயரை இரண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள். ஆனால் இரண்டையும் எல்லா உலாவிகளும் ஒரே நாளில் கொண்டுவராததால், இந்தப் பண்புக்கு அந்த விதி பயனற்றுப் போயிற்று.

ஆகவே செய்து பார்க்க வேண்டும். ஒரு டிவ் (வெற்றுப் பெட்டி) உருவாக்கி அதை ஃப்ளெக்ஸ் ஆக்குங்கள், திசையை மேலிருந்து கீழாக வையுங்கள், வரிசை இடைவெளியை 1 பிக்சல் என்று கொடுங்கள், உள்ளே இரண்டு வெற்றுக் குழந்தை டிவ்களைப் போடுங்கள். பக்கத்தில் சேர்த்து அதன் ஸ்க்ரோல் உயரத்தை அளந்து பாருங்கள். 1 என்று வந்தால் இடைவெளி விழுகிறது. 0 என்று வந்தால் விழவில்லை. அளந்ததும் டிவை நீக்கிவிட்டு, விடையை எச்டிஎம்எல் வேர் உறுப்பில் ஒரு கிளாஸாக எழுதிவிட்டால் மற்றதை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.

2024 ஜூன் 7

இந்தப் பெயர்ச் சரம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை நம்பக் கூடாது என்பதற்குத் தனியாக வாதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நெட்ஸ்கேப் உலாவியின் உள்வீட்டுப் பெயர் மோசில்லா. அது சர்வர்களிடம் தன்னை அந்தப் பெயராலேயே அறிமுகப்படுத்திக்கொண்டது. அதன் இரண்டாம் பதிப்பில் பக்கத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதி வந்தபோது, சர்வர் வைத்திருந்தவர்கள் மோசில்லா என்ற சொல்லைக் கண்டால் ஃபிரேம் உள்ள பக்கத்தையும், இல்லையென்றால் எளிய பக்கத்தையும் அனுப்பினார்கள். பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், ஃபிரேம் தெரிந்திருந்தும் எளிய பக்கமே கிடைக்கும் நிலையில் இருந்ததால், தன் சரத்தின் தொடக்கத்திலும் மோசில்லா என்றே எழுதி, அடைப்புக்குள் இணக்கமானது என்ற பொருளுள்ள சொல்லையும் தன் உண்மைப் பெயரின் சுருக்கமான எம்எஸ்ஐஇ-யையும் சேர்த்துக்கொண்டது. பிறகு மோசில்லா திட்டத்தின் கெக்கோ இயந்திரம், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள் நிரல், வந்தது. நல்ல பக்கங்கள் கெக்கோவைத் தேடிக் கொடுக்கப்பட்டன. லினக்ஸில் கேடிஇ குழுவினர் செய்த கான்கரர் தன் கேஎச்டிஎம்எல் இயந்திரத்தோடு ‘கெக்கோவைப் போல’ என்று எழுதிக்கொண்டது. அந்த இயந்திரத்தை அடித்தளமாகக் கொண்டு ஆப்பிள் 2003-இல் சஃபாரியை வெளியிட்டபோது வெப்கிட், கேஎச்டிஎம்எல், கெக்கோவைப் போல, சஃபாரி என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்தது. 2008-இல் வந்த குரோம், சஃபாரிக்குக் கொடுக்கப்படும் பக்கம் தனக்கும் வேண்டும் என்பதற்காக அந்த முழு வரிசையையும் எடுத்துக்கொண்டு நடுவில் தன் பெயரைச் செருகியது.

இன்றும் உங்கள் குரோம் உலாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் மோசில்லா என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அதை எழுதியவர்களுக்கு ஏமாற்றும் எண்ணம் கிடையாது. பெயரை வைத்துக் கதவை மூடிய நம்மைப் போன்றவர்கள்தான் ஒவ்வொரு முறையும் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளினோம்.

2024 ஜூன் 8

நேற்று ‘நம்மைப் போன்றவர்கள்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கல்வி நிறுவனத்துக்காக இணையவழி விண்ணப்பப் படிவம் ஒன்றை 2008-இல் எழுதிக் கொடுத்தேன். அப்போது பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் படிவம் கெட்டுப்போகும் என்பதால், எம்எஸ்ஐஇ என்ற சொல்லுக்குப் பின் வரும் எண்ணைப் பிடித்து, அது 6-க்குக் குறைவாக இருந்தால் ‘உங்கள் உலாவி பழையது, புதியதை நிறுவவும்’ என்ற அறிவிப்பைக் காட்டி உள்ளே விடாமல் நிறுத்தினேன். எண்ணைப் பிடிக்க நான் எழுதிய வரி ஒரே ஓர் இலக்கத்தைத்தான் பிடித்தது. அன்றைக்கு இருந்தவை 6, 7 என்ற பதிப்புகளும் 8-இன் சோதனைப் பதிப்புமே என்பதால் அது சரியாகவே இருந்தது.

2013 மே மாதத்தில், விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில், ஊரில் உள்ள பிரவுசிங் சென்டர்களிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. விண்டோஸ் 7 கணினிகளில் தானாகவே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 ஏறியிருந்தது. என் வரி அந்த 10-இல் முதல் இலக்கமான 1-ஐ மட்டும் படித்துவிட்டு, அதுவரை வந்ததிலேயே புதிய பதிப்பை வைத்திருந்த மாணவர்களிடம் உங்கள் உலாவி பழையது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இருபது கிலோமீட்டர் பேருந்தில் வந்து, மணிக்கணக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அது திருப்பி அனுப்பியது. அந்த வரியை நீக்க எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதை அறிய வழி இருக்கவில்லை. பெயரைப் பார்த்து எழுதப்பட்ட நிரலைக் காணும்போதெல்லாம் இன்னும் எனக்கு அந்த வாரம் நினைவுக்கு வருகிறது.

2024 ஜூன் 8, சற்றுப் பின்னர்

இரண்டு இலக்கம் என் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்த சிக்கலாக இருக்கவில்லை. இரண்டு இலக்கப் பதிப்பு எண்ணை முதலில் எட்டிய ஓபரா, 2009-இல் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, தளங்கள் அதை ஓபரா 1 என்று படித்துவிடும் என்பதற்காகச் சரத்தின் தொடக்கத்தில் 9.80 என்றே எழுதிவிட்டு, உண்மை எண்ணைக் கடைசியில் தனியாக வைத்தது. அது என் 2013-க்கு நான்கு ஆண்டுகள் முன்பே நடந்திருந்தும் என் வரியை நான் திருத்தவில்லை.

2024 ஜூன் 11

‘எண்ணைச் சரியாகப் பிடித்திருந்தால் பெயர்ச் சோதனை நன்றாகத்தானே வேலை செய்திருக்கும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சில நாள் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அதே 2013-இன் இறுதியில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11, எம்எஸ்ஐஇ என்ற சொல்லையே சரத்திலிருந்து எடுத்துவிட்டுக் கெக்கோவைப் போல என்று சேர்த்துக்கொண்டது. எண்ணைத் திருத்தி எழுதியவர்களுக்குப் பிடிக்க எண்ணே இல்லாமல் போயிற்று. உடனே பலர், புதிய சரத்தில் இருந்த ஆர்வி 11 என்ற பகுதியைத் தேடி அதைக் கண்டுபிடிக்கும் வரியை எழுதினார்கள்.

அந்த வரி பத்து ஆண்டுகள் கழித்து ஃபயர்பாக்ஸைத் தாக்கியது. ஃபயர்பாக்ஸின் சரத்திலும் ஆர்வி என்ற பகுதி உண்டு, அதில் அதன் பதிப்பு எண் வரும். 2023-இல் 110-ஆம் பதிப்பு வரவிருந்தபோது, ஆர்வி 110 என்பதில் ஆர்வி 11 என்ற தொடக்கத்தை மட்டும் பார்க்கும் தளங்கள் அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தது. எனவே 110 முதல் 119 வரையான பத்துப் பதிப்புகளிலும் அந்த இடத்தில் 109 என்றே எழுதிவைத்து, 120-இல்தான் உண்மை எண்ணுக்குத் திரும்பினார்கள். மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்ட ஓர் உலாவியின் பெயரை யாரோ ஓரிடத்தில் தேடிக்கொண்டிருந்ததற்காக, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத உலாவி பத்துப் பதிப்புகளுக்குத் தன் எண்ணை மறைக்க வேண்டியிருந்தது.

2024 ஜூன் 12

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பில், உலாவியின் பெயரைச் சொல்லும் பிரவுசர் என்றொரு பண்பு இருந்ததை இங்கே பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். அதைத் தவிர்க்கச் சொல்லி 2009-இல் 1.3 பதிப்பிலேயே அறிவித்து, 2013-இல் 1.9 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்றே, பழைய நிரல்கள் விழாமல் இருக்க அதைத் திருப்பிக் கொடுக்கும் மைக்ரேட் செருகியும் வெளிவந்தது. நான் பராமரித்த தளம் ஒன்றில் அந்தச் செருகி ஒன்பது ஆண்டுகள் இருந்தது.

2024 ஜூன் 16

இதுவரை எழுதியதைப் படித்தால் வசதிச் சோதனைக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்வதுபோல் தோன்றுகிறது. அது சரியாகாது. உங்கள் கேப் அனுபவம் விதிவிலக்கும் இல்லை.

வசதிச் சோதனை என்ற பெயரில் நாம் தொடக்கத்தில் செய்தது ஊகம்தான். டாக்குமெண்ட்.ஆல் என்ற பொருள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-இல் வந்தது. நெட்ஸ்கேப் 4-இல் டாக்குமெண்ட்.லேயர்ஸ் இருந்தது. ஆல் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் இது எக்ஸ்ப்ளோரர், ஆகவே அதற்கே உரிய மற்ற பத்துப் பண்புகளும் இருக்கும் என்று அடுத்தடுத்த வரிகளை எழுதினோம். இது வசதியைச் சோதிப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் பெயரைக் கேட்பதேதான். சட்டையைப் பார்த்து ஊரைச் சொல்வதைப் போன்றது. இதன் விளைவு இன்றும் எச்டிஎம்எல் தரநிலையில் இருக்கிறது. டாக்குமெண்ட்.ஆல் என்ற பொருள் எல்லா உலாவிகளிலும் உண்டு, அதைக் கொண்டு உறுப்புகளை எடுக்கவும் முடியும், ஆனால் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். வகையைக் கேட்டால் வரையறுக்கப்படாதது என்று சொல்லும். பழைய ஊக வரிகளைத் தப்பிக்க வைப்பதற்காக ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இலக்கணத்திலேயே இந்த ஒரு பொருளுக்காக ஒரு விலக்கை எழுத வேண்டியதாயிற்று.

தொடுதிரைக்கும் இதே கதைதான். விண்டோவில் தொடு நிகழ்வுக்கான ஆன்டச்ஸ்டார்ட் இருந்தால் கைபேசி என்று எழுதிய நிரல்கள், தொடுதிரையுள்ள மடிக்கணினிகள் வந்ததும் மவுஸைப் புறக்கணிக்கத் தொடங்கின. தொடு நிகழ்வு உண்டு என்பதிலிருந்து மவுஸ் கிடையாது என்ற முடிவுக்கு எப்படி வந்தோம் என்று இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது.

2024 ஜூன் 17

இன்னொரு வகைத் தவறும் உண்டு. பொருள் இருக்கும், வேலை செய்யாது. போட்டித் தேர்வுப் பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு பக்கம், மாணவர் குறித்த விடைகளை லோக்கல் ஸ்டோரேஜில் (உலாவிக்குள்ளேயே உள்ள சேமிப்பிடம்) சேமித்துவந்தது. விண்டோவில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுதத் தொடங்குவேன். ஐஓஎஸ் 11-க்கு முன் சஃபாரியின் தனிப்பட்ட உலாவல் முறையில் அந்தப் பொருள் இருக்கும், படிக்கவும் அனுமதிக்கும், ஆனால் அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் சுழியம். எழுத முயன்ற அந்தக் கணமே பிழை எறியும். முதல் விடையைக் குறித்ததும் ஸ்கிரிப்ட் நின்று, அடுத்த கேள்விக்குப் போகும் பொத்தான் செத்துவிடும். அது நடந்தது அந்த முறையில் திறந்தவர்களுக்கு மட்டும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

அதன் பிறகு ஓர் எழுத்தைச் சேமித்து, திருப்பிப் படித்து, அழித்து, மூன்றும் தடையின்றி முடிந்தால் மட்டுமே வசதி உண்டு என்று கொள்ளும்படி மாற்றினேன். அதைத்தான் ஜூன் 5 அன்று உங்களுக்கும் சொன்னேன். பொருள் இருப்பதைப் பார்ப்பதற்கும் அதை வேலை வாங்கிப் பார்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடே, பெயருக்கும் வசதிக்கும் உள்ள வேறுபாட்டைவிட எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது.

2024 ஜூன் 20

தமிழ்ப் பக்கங்கள் எழுதுவோருக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்.

2011 அளவில் ஆண்ட்ராய்டு 2 கைபேசிகள் பலவற்றில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரியும். ஆண்ட்ராய்டின் பதிப்பைப் பார்த்து, தமிழ் வராதவர்களுக்கு எழுத்துக்களைப் படமாக அனுப்பலாம் என்று முதலில் முடிவுசெய்தேன். ஆனால் அதே பதிப்பில் தயாரிப்பாளர் தமிழ் எழுத்துருவைச் சேர்த்துவிட்ட கைபேசிகளும் இருந்தன; பதிப்பு எண்ணால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. அளந்து பார்த்தேன். யூனிகோடில் தமிழ்ப் பகுதியின் முதல் இடம் எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படாமல் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தின் குறியையும், ‘ட’, ‘ஔ’ ஆகியவற்றையும் ஒரே எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேனில் இட்டு அகலத்தை அளந்தால், மூன்றும் ஒரே அகலமாக வரும் இடத்தில் வாசகர் பார்ப்பது வெறும் கட்டங்களே.

அது போதவில்லை. எழுத்துரு இருந்தும் கொம்பு வலப்பக்கம் போய் விழும் கருவிகள் இருந்தன. அகலத்தில் அந்தக் குறை தெரியாது. நிரலால் படம் வரையும் பரப்பான கான்வாஸ் ஒன்றில் ‘க’ என்று மட்டும் வரைந்து, மற்றொன்றில் ‘கெ’ என்று வரைந்து, இரண்டின் இடப்பக்கப் பிக்சல்களை ஒப்பிட்டேன். சரியாக வரையும் உலாவியில் இரண்டாவது படம் கொம்பில் தொடங்கும். ஆகவே இரண்டும் வேறுபடும். இடப்பக்கம் ஒன்றாகவே இருந்தால் கொம்பு இடம் மாறிவிட்டது என்று பொருள். எனக்கு மிகவும் மனநிறைவு தந்த சோதனை அதுவே.

ஓபரா மினி பயன்படுத்தியவர்களுக்கு அது பொருந்தவில்லை என்பதையும் எழுத வேண்டும். அந்த உலாவியில் பக்கத்தை அடுக்குவதும் ஸ்கிரிப்டை ஓட்டுவதும் ஓபராவின் சர்வரில் நடந்தன. என் சோதனை வாசகரின் கைபேசியை அளக்காமல் எங்கோ இருந்த அந்த சர்வரை அளந்தது. தமிழ் வாசகர்கள் முகவரிப் பட்டையில் ஓபரா கான்ஃபிக் என்று தட்டி, சிக்கலான எழுத்துக்களுக்குப் பிட்மேப் பயன்படுத்து என்ற அமைப்பை இயக்கி, எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்தார்கள். அவர்கள் அந்த அமைப்பை மாற்றினார்களா என்பதைப் பெயராலும் அறிய முடியவில்லை, வசதிச் சோதனையாலும் அறிய முடியவில்லை.

2024 ஜூன் 21

மேலே எழுதியதற்கு இன்றைய காலத்து உதாரணம் ஒன்று. தமிழ் எழுத்துக்களை எண்ணுவதற்கு இன்டல் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி இருக்கிறது. ‘கொ’ என்பதை இரண்டு குறிகளாக எண்ணாமல் ஓரெழுத்தாக எண்ணித் தரும். குரோமில் 2020-லும் சஃபாரியில் 2021-லும் வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் 125-ஆம் பதிப்பில் வந்தது. ‘ஃபயர்பாக்ஸ் என்றால் நம் சொந்த எண்ணியைப் பயன்படுத்து’ என்று எழுதியவர்களின் நிரல் இன்னும் சொந்த எண்ணியையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். செக்மென்டர் இருக்கிறதா என்று கேட்டவர்களின் நிரல், யாரும் தொடாமலேயே ஏப்ரலில் புதிய வழிக்கு மாறியிருக்கும்.

அதற்காக அது தரும் எண்ணை அப்படியே ஏற்கவும் முடியாது. ‘க்ஷ’ என்பதை அது ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகவே எண்ணும். உங்கள் படிவத்தில் பெயருக்கு எழுத்து வரம்பு வைத்திருந்தால், லக்ஷ்மி என்று எழுதுபவருக்கு எத்தனை எழுத்து என்பதை நீங்களே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

2024 ஜூன் 25

பெயர் தவிர்க்க முடியாத இடம் ஒன்றாவது இருக்காதா என்ற கேள்விக்கு, குக்கிகளின் (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) சேம்சைட் விவகாரத்தைச் சொல்ல நினைத்திருந்தேன்.

2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்தபோது, வேறு தளத்துக்குள்ளிருந்து கேட்கப்படும் குக்கிகளுக்கு சேம்சைட் நன் (கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று பொருள்) என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்று விதி மாறியது. ஆனால் ஐஓஎஸ் 12-இலும், மேக்ஓஎஸ் 10.14-இல் உள்ள சஃபாரியிலும் ஒரு பிழை இருந்தது. நன் என்று எழுதினால் அதற்கு நேர்மாறாக மிகக் கடுமையான கட்டுப்பாடு என்று அவை எடுத்துக்கொள்ளும். குரோம் 51 முதல் 66 வரையான பதிப்புகள் அந்தக் குக்கியையே தூக்கி எறிந்துவிடும். நம் நாட்டில் அதிகம் புழங்கிய யூசி பிரவுசரின் 12.13.2-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. குக்கியை எழுதுவது சர்வர். பக்கம் போய்ச் சேர்வதற்கு முன்பே எழுதியாக வேண்டும். உலாவியை எதையும் செய்யச் சொல்லிப் பார்க்க அவகாசம் கிடையாது. எனவே குரோமுக்கு அடித்தளமான குரோமியம் திட்டத்தினரே, எந்தெந்தப் பெயருக்கும் பதிப்புக்கும் நன் அனுப்பக் கூடாது என்ற பட்டியலை வெளியிட்டார்கள். கட்டண வாயிலுக்குப் போய்த் திரும்பும் ஒரு தளத்தில் நானும் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதினேன்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது, அது இரண்டு பக்கமும் அடைத்திருந்ததுதான். 51 முதல் 66 வரை என்றால் அந்தப் பதிப்புகள் வெளியாகி முடிந்துவிட்டவை, இனி மாறப்போவதில்லை. ‘6-க்குக் குறைந்தால்’, ‘ஐபேட் என்றால்’ என்று நாம் எழுதும் வரிகள், இன்னும் பிறக்காத உலாவிகளையும் சேர்த்துத் தீர்ப்பளிக்கின்றன. பெயரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பிழை தொடங்கிய பதிப்பும் தீர்ந்த பதிப்பும் உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் பார்ப்பேன்.

2024 ஜூன் 26

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அங்கும் பெயர் தவிர்க்க முடியாதது இல்லை என்று இரவு நினைவுக்கு வந்தது. ஒரே மதிப்பை இரண்டு குக்கிகளாக எழுதலாம். ஒன்றில் சேம்சைட் நன், மற்றொன்றில் அந்தப் பண்பே இல்லாமல். புதிய உலாவி முதலாவதைத் திருப்பி அனுப்பும், பிழையுள்ள பழைய உலாவி இரண்டாவதை அனுப்பும், சர்வர் எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். இந்த வழியை அப்போதே பலர் பரிந்துரைத்திருந்தார்கள். இரட்டைக் குக்கி அழகாக இல்லை என்று நான்தான் ஒதுக்கினேன். பட்டியலைப் பராமரிக்க நான் செலவிட்ட நேரத்தை எண்ணினால் அந்த முடிவு தவறு.

2024 ஜூன் 29

பெயர்ச் சரத்தில் இனி எவ்வளவு மிஞ்சும் என்பதும் கணக்கில் வர வேண்டும். குரோம் 2022-லிருந்து படிப்படியாக அதைக் குறைத்துவிட்டது. துணைப் பதிப்பு எண்கள் எல்லாம் சுழியம், எந்த ஆண்ட்ராய்டு கைபேசியாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு 10 என்றும் மாதிரியின் பெயருக்குப் பதிலாகக் கே என்ற ஒற்றை எழுத்தும் மட்டுமே வருகின்றன. மேக் கணினி எவ்வளவு புதியதானாலும் சஃபாரியும் குரோமும் 10.15.7 என்றே சொல்கின்றன. விவரம் வேண்டுவோர் கிளையன்ட் ஹின்ட்ஸ் என்ற தலைப்புகளைக் கேட்டுப் பெறலாம் என்றாலும், சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அவற்றை அனுப்புவதில்லை. அந்தத் தலைப்பில் உண்மைப் பெயர்களோடு வேண்டுமென்றே ஒரு பொய்ப் பெயரையும் கலந்து அனுப்புகிறார்கள். பட்டியலில் இன்ன பெயர் மட்டுமே வரும் என்று யாரும் நிரல் எழுதிவிடக் கூடாது என்பதே நோக்கம். முப்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு செய்த முன்னெச்சரிக்கை என்று அதை மதிக்கிறேன்.

எந்த நிறுவல் கோப்பைத் தரவிறக்கம் செய்யலாம் என்று காட்டுவதற்கும், எத்தனை பேர் எதில் வருகிறார்கள் என்று கணக்கெடுப்பதற்கும் பெயர் போதும். அங்கே தவறினால் யாருடைய வேலையும் நிற்காது.

2024 ஜூலை 2

ஐபேடில் சரியாக இருக்கிறது, புதிய கைபேசியிலும் இப்போது 0 என்று வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜூன் 5 குறிப்பில் பக்கத்தில் சேர்த்து அளக்கச் சொன்ன நான், எப்போது சேர்ப்பது என்பதை விட்டுவிட்டேன்; அதுவே காரணமாக இருக்கும். சோதனை ஸ்கிரிப்டை ஹெட் பகுதியில் வைத்து, சேர்க்காத டிவை அளந்திருப்பீர்கள். பக்கத்தில் சேராத உறுப்புக்கு உயரம் எப்போதும் 0 தான். பாடி தொடங்கிய பிறகு சேர்த்து அளக்க வேண்டும். உங்கள் சிஎஸ்எஸ்ஸில் டிவ்களுக்கு ஓரமோ குறைந்தபட்ச உயரமோ பொதுவாகக் கொடுத்திருந்தால் எண் 1-க்கு மேலும் போகலாம். சோதனை டிவில் அவற்றையும் சுழியமாக்குங்கள்.

2024 ஜூலை 3

இரவு உங்கள் படிவத்தை மறுபடி பார்த்தேன். பதினொரு கட்டங்கள், இரண்டு வரிசை, அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு பக்கமும் 6 பிக்சல் மார்ஜினும், அவற்றைச் சுற்றியுள்ள பெட்டிக்கு எதிர்மறையாக 6 பிக்சல் மார்ஜினும் கொடுத்தால், கேப் தரும் அதே 12 பிக்சல் இடைவெளி ஐஓஎஸ் 12-லும் இன்றைய உலாவிகளிலும் ஒன்றுபோல விழும். அளக்கவும் வேண்டாம், கிளாஸ் எழுதவும் வேண்டாம், உலாவியிடம் எதையும் கேட்கவும் வேண்டாம். இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். கேள்வியில் இருந்த இரண்டு வழிகளுக்கு நடுவிலேயே ஒரு மாதம் நின்றுவிட்டேன். மாற்றி எழுதிய சிஎஸ்எஸ்ஸை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ஐபேடில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.